திரை எத்தனை கைமுட்டி அகலம்?

வீட்டில் படம் பார்ப்பதற்கு ராட்சத டிவி வாங்கலாமா, புரொஜெக்டர் வாங்கலாமா, அல்லது தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்டே போதுமா என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், பதில் சொல்வதற்கு முன் அவர்களை ஒரு சிறிய வேலை செய்யச் சொல்வது என் வழக்கம். வழக்கமாகப் படம் பார்க்கும் இடத்தில் உட்காருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை முழுவதும் நீட்டி, விரல்களை மடக்கி, இப்போது வீட்டில் இருக்கும் திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எத்தனை கைமுட்டிகள் அடங்குகின்றன என்று எண்ணுங்கள். நீட்டிய கையின் முட்டி ஏறத்தாழ 10 பாகை அகலத்தை மறைக்கும் என்பது, விண்மீன்களுக்கு இடையிலுள்ள தொலைவைக் கையாலேயே அளப்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் கணக்கு. பெரும்பாலானவர்கள் இரண்டு முட்டி, மிஞ்சிப்போனால் இரண்டரை என்றுதான் எண்ணிச் சொல்கிறார்கள். 55 அங்குல டிவியை 3 மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் கிடைப்பது 23 பாகை. எனவே அவர்கள் எண்ணியது சரிதான். ஆனால் திரைப்படத் தொழில்நுட்பத்துக்கான தர அமைப்பாகிய எஸ்எம்பிடிஇ, திரை குறைந்தது 30 பாகையாவது கண்ணை நிறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. திரையரங்குகளுக்கும் வீட்டுத் திரைகளுக்கும் தரச்சான்று தரும் டிஎச்எக்ஸ் சொல்வது சுமார் 40 பாகை. நான்கு கைமுட்டி. நல்ல திரையரங்கின் நடுவரிசையில் உட்கார்ந்தால் ஏற்படும் அந்த ‘உள்ளே இழுக்கும்’ உணர்வு இந்த அளவில்தான் தொடங்குகிறது.

அங்குலக் கணக்கு தனியாக நின்று எதையும் சொல்வதில்லை என்பதை இந்த நான்கு முட்டிகள் உடனே காட்டிவிடும். 3 மீட்டரிலிருந்து 65 அங்குலத் திரை 27 பாகையும், 100 அங்குலத் திரை 40 பாகையும் தருகின்றன. ஆனால் அதே 65 அங்குலத் திரைக்கு 2 மீட்டர் தொலைவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாலும் 40 பாகை கிடைத்துவிடும். சோஃபாவை ஒரு மீட்டர் முன்னால் இழுக்க முடிகிற வீட்டில், சில பேருக்குப் புதிய சாதனமே தேவைப்படாது. நெருங்கி உட்கார்ந்தால் படப்புள்ளிகள் தெரியுமே என்ற பழைய அச்சமும் 4கே திரைகளுக்குப் பொருந்தாது. 40 பாகையில் 3,840 புள்ளிகள் என்றால் ஒரு பாகைக்கு 96 புள்ளிகள். நல்ல பார்வையுள்ள கண்ணால் பிரித்தறிய முடிவது ஒரு பாகைக்குச் சுமார் 60 புள்ளிகள்தான்.

ஹெட்செட்டுகளைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாக உதவுகிறது. தலையில் மாட்டும் திரை நேற்று வந்த எண்ணம் அன்று. இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் காட்டும் முகமூடி ஒன்றுக்கு மார்ட்டன் ஹைலிக் 1960ஆம் ஆண்டே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். தலை திரும்பத் திரும்பக் காட்சியும் மாறும் கருவியை ஐவன் சதர்லேண்ட் 1968இல் செய்துகாட்டினார். படம் பார்ப்பதற்கென்றே கடைக்கு வந்தவற்றுள், 2011இல் சோனி வெளியிட்ட எச்எம்இசட்-டி1 என்னும் சாதனம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 20 மீட்டர் தொலைவில் 750 அங்குலத் திரையைப் பார்ப்பதுபோல் இருக்கும் என்று அதற்கு விளம்பரம். 750 அங்குலம் என்றதும் மனம் மலைத்துத்தான் போகிறது. ஆனால் காகிதத்தில் கணக்குப் போட்டால் அது 45 பாகை. அதாவது 100 அங்குல டிவியை ஏறத்தாழ 2 மீட்டர் 70 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். கண்ணுக்கு இரண்டும் ஒரே அகலம். இன்றைய ஹெட்செட்டுகளின் பெட்டிமீது நூறடித் திரை, மலையளவு திரை என்றெல்லாம் எழுதியிருப்பதையும் இப்படித்தான் படிக்க வேண்டும்: எத்தனை அடி என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை பாகை, ஒரு பாகைக்கு எத்தனை புள்ளிகள் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கான விடைதான் ஹெட்செட்டின் உண்மையான குறை. 2023 அக்டோபரில் வந்த மெட்டா குவெஸ்ட் 3 ஒரு பாகைக்குச் சுமார் 25 புள்ளிகளைக் காட்டுகிறது. அதற்குள் 40 பாகை அகலத்தில் ஒரு மெய்நிகர்த் திரையை நிறுத்தினால், அந்தத் திரையின் குறுக்கே கிடைப்பவை வெறும் ஆயிரம் புள்ளிகள். பழைய ஃபுல் எச்டி டிவியிலேயே 1,920 புள்ளிகள் இருந்தன. புள்ளிகளைக் கூட்டுவதற்காகத் திரையை 60 பாகைக்கு விரித்தாலும் 1,500 புள்ளிகளோடு நின்றுவிடுகிறது. அப்போது ஓரங்களைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது. ஆப்பிள் விஷன் புரோ இந்த வகையில் பெரிய முன்னேற்றம் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். 2024 பிப்ரவரியில் வந்த அந்தச் சாதனத்தில் இரு கண்களுக்குமாகச் சேர்த்து 2 கோடியே 30 லட்சம் புள்ளிகள் உள்ளன, கருமையும் உண்மையான கருமை. ஆனாலும் 600 முதல் 650 கிராம் வரை எடையை முகம் தாங்க வேண்டும். பேட்டரி தனியாகக் கம்பியில் தொங்கும், அது மேலும் 353 கிராம். படம் பார்த்தால் சுமார் இரண்டரை மணி நேரம் தாங்கும் என்பது அவர்களே சொல்லும் கணக்கு. நம் படங்கள் பல அதைத் தாண்டி ஓடுபவை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளில் சப்டைட்டில் வரும்போது, லென்ஸுக்குள் ஒளி சிதறி ஒவ்வொரு வரியின்மீதும் மெல்லிய புகைபோல் படிவதை ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. 80 கிராம் அளவிலேயே வரும் திரைக் கண்ணாடிகள் முகத்துக்குச் சுகமானவை, பயணத்துக்கு மிகவும் ஏற்றவை. ஆனால் அறையின் வெளிச்சம் சுற்றிலும் கசிகிறது, படத்தின் கருமை அதில் கரைந்துவிடுகிறது.

புரொஜெக்டரைப் பற்றி நான் கேள்விப்பட்டதை வைத்துப் பேசவில்லை; எட்டு ஆண்டுகள் அதனோடு வாழ்ந்திருக்கிறேன். மூலைவிட்டத்தில் 120 அங்குலம், அகலத்தில் 2 மீட்டர் 66 சென்டிமீட்டர் உள்ள திரையை 3 மீட்டர் 30 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தோம்; நாலரை முட்டிக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக்குள் ஒரு திரையரங்கைக் கொண்டுவந்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் முதல் மாதம் முழுவதும் ஒவ்வொரு இரவும் ஏதாவது ஒரு படம் ஓடியது. குறை தெரிந்தது ஓர் இரவுக் காட்சியில்தான். படத்தில் ஒருவர் இருண்ட நடைபாதையின் முனையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் அங்கே நிற்கிறார் என்பதைப் பார்வையாளர் அறிந்தால்தான் காட்சியின் பதற்றம் பிடிபடும். என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: “அங்கே யாராவது நிற்கிறார்களா? உங்களுக்குத் தெரிகிறதா?” எனக்கும் தெரியவில்லை. நடைபாதையும் மனிதரும் சுவரும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடந்தன.

அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கிய பிறகுதான் புரொஜெக்டரின் அடிப்படை எனக்குப் புரிந்தது. புரொஜெக்டரால் வெளிச்சத்தை மட்டுமே திரைக்கு அனுப்ப முடியும். இருளை அனுப்ப முடியாது. படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், அறையின் இருட்டில் அந்த வெள்ளைத் திரை எப்படித் தோன்றுமோ அதுதான் நமக்குக் கிடைக்கும் கறுப்பு. அதன்மேல் கருவியிலிருந்து கசியும் வெளிச்சமும் வந்து சேர்ந்துகொள்கிறது. அறையில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டால் போதாதா என்றால், போதாது. படமே ஒரு விளக்குதான். கதாநாயகன் வெள்ளைச் சட்டை அணிந்து சட்டகத்தின் ஒரு பக்கம் நிற்கும்போது, அந்தச் சட்டையின் வெளிச்சம் திரையிலிருந்து கிளம்பி எங்கள் வெள்ளை உட்கூரையில் பட்டு, அங்கிருந்து மறுபடியும் திரைக்கே திரும்பி, சட்டகத்தின் மறுபக்கத்திலிருந்த நிழல்களை வெளுக்கச் செய்தது. ஒருநாள் படத்தைப் பார்க்காமல் உட்கூரையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். காட்சிக்குக் காட்சி அது மங்கிப் பளிச்சிட்டுக்கொண்டிருந்தது. அருகில் ஒரு புத்தகம் இருந்திருந்தால் படித்திருக்கலாம்.

மறுவாரம் கறுப்பு வெல்வெட் துணி வாங்கிவந்து, திரைக்கு மேலிருந்து ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு உட்கூரையில் இழுத்துக் கட்டினேன். பக்கச் சுவர்களுக்கும் திரைச்சீலை தொங்கவிட்டேன். வேறுபாடு நம்ப முடியாததாக இருந்தது: கருவி அதேதான், படமும் அதேதான், ஆனால் நடைபாதையின் முனையில் நின்ற மனிதரின் தோள் தெரிந்தது. புரொஜெக்டர் வாங்க எண்ணுபவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுவே. கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அறையை இருட்டாக்குவதற்கு ஒதுக்குங்கள். அப்படி ஒதுக்க மனமில்லை, அந்த அறைதான் எல்லோரும் புழங்கும் கூடம், சுவர்கள் வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்றால், எவ்வளவு நல்ல புரொஜெக்டரும் அதன் பாதித் திறனைக்கூட உங்களுக்குக் காட்டாது. பக்கவாட்டு ஒளியை விலக்கும் சிறப்புத் திரைகளும், சுவரை ஒட்டியே வைக்கக்கூடிய மிகக் குறுகிய வீச்சுக் கருவிகளும் கூடத்துக்கு ஓரளவு உதவும். கிரிக்கெட் ஆட்டம் பார்க்க அவை போதும், இரவுக் காட்சிக்குப் போதாது.

வெளிச்சத்தின் அளவைப் பொறுத்தவரை புரொஜெக்டருக்கு நியாயம் செய்ய வேண்டும். டிஜிட்டல் திரையரங்குகளுக்கு விதிக்கப்பட்ட வெண்மையின் ஒளிர்வு 48 நிட்தான். 2,000 லூமென் தரும் கருவி 120 அங்குல வெள்ளைத் திரையில் ஏறத்தாழ 160 நிட்டைத் தரும் என்று கணக்கு சொல்கிறது. நிறங்களைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்த பிறகு அது பாதியாகக் குறைந்தாலும் திரையரங்கைவிடக் கூடுதல்தான். முழு இருட்டில் அதற்கு மேல் தேவைப்படுவதில்லை. கண்ணுக்கு இதமான, எதிரொளித்து வரும் அந்த வெளிச்சத்தில் மூன்று மணி நேரப் படத்தைப் பார்த்து எழுந்தாலும் அயர்ச்சி இருந்ததில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் படங்களில் பல இன்று, இருளுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான வேறுபாட்டை விரித்துக் காட்டும் எச்டிஆர் முறையில் தனியாக ஒளி அமைக்கப்பட்டு, பெரும்பாலும் 1,000 நிட் உச்சத்தை மனத்தில் வைத்துத் தயாராகின்றன. தீப்பொறி, கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெயில், மழை நீரில் மின்னும் தெருவிளக்கு ஆகியவற்றையெல்லாம் புரொஜெக்டர் தன் சிறிய அளவுக்குள் மடித்து வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. மடிப்பது தெரியாமல் மடிக்கும் கருவிகளும் உண்டு. ஆனாலும் மடித்தது மடித்ததுதான்.

எங்கள் கருவி ஒற்றைச் சில்லு டிஎல்பி வகையைச் சேர்ந்தது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987இல் கண்டுபிடித்த நுண்கண்ணாடிச் சில்லுதான் அதன் இதயம். விரல்நகத்தை விடச் சற்றுப் பெரிய பரப்பில் லட்சக்கணக்கான கண்ணாடிகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை சாய்ந்து நிமிர்கின்றன என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்த வகைக் கருவியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் திரைக்கு வருகின்றன. கண் அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. சில கண்கள் சேர்த்துக்கொள்வதில்லை. கறுப்பில் வெள்ளை எழுத்து வரும்போது பார்வையைச் சட்டென்று நகர்த்தினால் வானவில் கீற்றுகள் சிதறுவதாக என் மனைவி சொல்வாள். எட்டு ஆண்டுகளில் எனக்கு அது ஒருமுறைகூடத் தெரிந்ததில்லை. அவளுக்கு ஒவ்வொரு படத்திலும் தெரிந்தது. இதை நான் நெடுநாள் பொருட்படுத்தாமல் இருந்தது தவறு. இருவர் பார்க்கும் திரையில் ஒருவருக்கு வலி இருந்தால் அந்தத் திரை பொருந்தவில்லை என்றே கொள்ள வேண்டும். வாங்கும் முன் வீட்டில் படம் பார்க்கும் எல்லோரையும் அழைத்துச் சென்று காட்டுவது நல்லது.

நான் டிவிக்கு மாறியதற்கு அந்த வானவில் ஒரு காரணம். இன்னொரு காரணம், பெரிய திரைகள் எட்டும் நிலைக்கு வந்ததுதான். ஷார்ப் 2007இல் 108 அங்குல எல்சிடியையும், பானசோனிக் 2008இல் 150 அங்குல பிளாஸ்மாவையும் கண்காட்சியில் நிறுத்தியபோது அவை பார்த்து வியப்பதற்கான பொருள்களாகவே இருந்தன. பிறகு 2,940க்கு 3,370 மில்லிமீட்டர் அளவுள்ள மூலக்கண்ணாடியைக் கையாளும், 10.5ஆம் தலைமுறை என்று அழைக்கப்படும் தொழிற்சாலைகள் சீனாவில் 2018ஐ ஒட்டி உற்பத்தியைத் தொடங்கின. அப்படி ஒரு கண்ணாடியிலிருந்து எட்டு 65 அங்குலத் திரைகளையோ ஆறு 75 அங்குலத் திரைகளையோ வெட்டி எடுக்கலாம். பெரிய அளவுகள் ஒவ்வொன்றாக மலிந்து, சில ஆண்டுகளில் 98, 100 அங்குலங்களும் சாதாரணக் கடைக்கு வந்துவிட்டன.

வாங்குவதற்கு முன் பழைய செய்தித்தாள்களை ஒட்டி 2 மீட்டர் 21 சென்டிமீட்டர் அகலமும் 1 மீட்டர் 25 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு செவ்வகம் செய்து சுவரில் பொருத்தி, இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தோம். இதை எல்லோரும் செய்ய வேண்டும். திரையின் அகலம் பற்றிய ஐயம் அதில் தீர்ந்தது. பெட்டி படியேறுமா என்ற ஐயம்தான் மிஞ்சியது. இந்த அளவுத் திரைகளைப் படுக்கவைத்துத் தூக்கக் கூடாது. தன் எடையிலேயே வளைந்து விரிசல் விழும். நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும். படிக்கட்டு திரும்பும் இடத்தில் நான்கு பேர் ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட அந்தப் பெட்டியின் ஒரு முனையைத் தலைக்கு மேல் தூக்கி, கைப்பிடிச் சுவரைத் தாண்டித் திருப்பிய அந்த இரண்டு நிமிடங்களை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். முதலில் வந்த திரையில், பனிவெளியைக் கேமரா குறுக்கே கடக்கும் காட்சிகளில், துடைத்தும் போகாத அழுக்குக் கறைகள்போல மங்கலான பட்டைகள் தெரிந்தன. பெரிய எல்சிடி பரப்பு முழுவதையும் ஒரே சீராக ஒளிரவைப்பது கடினம் என்பதால் வரும் குறை அது. கடையில் வாதாடி மாற்று வாங்குவதற்குள் ஐந்து வாரங்கள் போயின. அந்தப் படிக்கட்டு நாடகம் இன்னும் இரண்டு முறை நடந்தது.

மாற்றுத் திரை வந்த இரவில், அந்த நடைபாதைக் காட்சியைத்தான் முதலில் ஓடவிட்டேன். விளக்கை அணைத்தோம். மனிதரின் தோள் மட்டுமல்லாமல், தொப்பியின் விளிம்பும், சுவரில் ஈரம் கசிந்த தடமும் தெரிந்தன. என் மனைவி திரும்பி என்னைப் பார்த்து, “இவர் அங்கே முழு நேரமும் நின்றுகொண்டா இருந்தார்?” என்று கேட்டாள். ஒரு படத்தை மூன்றாவது முறை பார்க்கும் ஒருவர் அதன் முக்கியமான மனிதரை முதல்முறையாக முழுமையாகச் சந்திக்கிறார் என்றால், அதுவரை நாங்கள் பார்த்தது அந்தப் படத்தின் ஒரு பகுதியைத்தான். 2.39க்கு 1 என்ற அகலவிகிதப் படங்களில் திரையின் உயரத்தில் கால் பங்குக்கு மேல் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளாக வீணாகிறது என்பது உண்மைதான். ஆனால் புரொஜெக்டரில் சாம்பலாகக் கண்ணை உறுத்திய அந்தப் பட்டைகள் இங்கே இருட்டோடு கலந்து இல்லாமலே போய்விடுகின்றன. டிவியோடு போட்டியிடுவதற்காகவே 1953இல் சினிமாஸ்கோப் அகலத்தைத் திரையரங்குகள் கொண்டுவந்தன. அந்த அகலத்தை அதன் முழுக் கருமையோடு ஒரு டிவியில் பார்க்கிறோம் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மனநிறைவைத் தருகிறது.

எல்சிடி என்பதால் கருமையில் சமரசம் உண்டு. பின்னொளியைப் பல நூறு மண்டலங்களாகப் பிரித்து, இருண்ட இடத்தில் அணைத்து, வெளிச்சமான இடத்தில் ஏற்றுகிறார்கள். கறுப்பு வானத்தில் ஒற்றை நிலவு வந்தால் அதைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் தானே அணையும் ஓஎல்இடி திரையில் இது கிடையாது. ஆனால் அந்த வகையில் கடைக்கு வருவது 97 அங்குலத்தோடு நின்றுவிடுகிறது, அதுவும் எளிதில் எட்டும் பொருள் அன்று. 77 அல்லது 83 அங்குல ஓஎல்இடியை வாங்கி நெருங்கி உட்காருவது எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த படத்தைத் தரும் வழி. எங்கள் அறையில் நால்வர் உட்கார வேண்டியிருப்பதால் நெருங்க முடியவில்லை.

பெரிய டிவிக்கு மாறியவர்கள் பலர் முதல் வாரத்தில் என்னிடம் சொல்லும் குறை ஒன்று உண்டு: “படம் திக்கித் திக்கி நகர்கிறது.” கருவியில் கோளாறில்லை. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள் மட்டுமே கொண்டது. கேமரா ஒரு நிலக்காட்சியை 7 விநாடிகளில் திரையின் குறுக்கே கடக்கிறது என்றால், 168 தாவல்களில் கடக்கிறது. 55 அங்குலத் திரையில் ஒவ்வொரு தாவலும் 7 மில்லிமீட்டர், 100 அங்குலத் திரையில் 13 மில்லிமீட்டர். திரை பிரகாசமாக ஆக ஆக இந்தத் தாவல் கண்ணுக்கு மேலும் தெளிவாகத் தெரிகிறது. மங்கலான திரையரங்கிலும் புரொஜெக்டரிலும் அது அடங்கியிருந்ததற்குக் காரணம் அதுவே. இதைக் கண்டு பதறி, இல்லாத சட்டகங்களைக் கணித்து இடையில் செருகும் அமைப்பை முழு அளவில் போட்டுவிடுகிறார்கள். உடனே படம் தொடர் நாடகம்போல் வழுக்கத் தொடங்குகிறது, நடிகர்களின் முகத்தில் ஒப்பனைகூடத் தெரிவதாகத் தோன்றுகிறது. இயக்குநர்கள் பலர் இதை எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகு, டிவி நிறுவனங்களும் படநிறுவனங்களும் சேர்ந்த கூட்டமைப்பான யுஎச்டி அலையன்ஸ் 2019இல் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற அமைப்பை அறிவித்தது. அதை ஒரு பொத்தானில் தேர்ந்தெடுத்தால் இந்தச் செருகல்கள் எல்லாம் அணைந்துவிடும். அதைப் போட்டுவிட்டு, அறை இருட்டாக இருக்கும்போது பிரகாசத்தையும் சற்றுக் குறையுங்கள். இரண்டு வாரத்தில் கண் பழகிவிடும். பழகாவிட்டால் செருகலை மிகக் குறைந்த படியில் மட்டும் வைக்கலாம். அதற்கு மேல் போனால் படம் எடுத்தவரின் வேலையைக் கெடுக்கிறோம் என்றே நான் நினைக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஹெட்செட்டை ஒதுக்கித் தள்ள என்னால் முடியாது. சென்ற ஆண்டு என் அண்ணனுக்கு முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறு வாரங்கள் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எந்த டிவியை எந்தச் சுவரில் மாட்டினாலும் அவரால் பார்த்திருக்க முடியாது. ஹெட்செட்டை மாட்டிவிட்டு, மெய்நிகர்த் திரையைப் பிடித்து இழுத்து உட்கூரையில் நிறுத்தினேன். “மேலே திரையரங்கு மாதிரி இருக்கிறதுடா” என்று அவர் சொன்னபோது குரலில் இருந்த உயிரை நான் அந்த வாரம் அதற்கு முன் கேட்டிருக்கவில்லை. அந்த ஆறு வாரங்களில் அவர் நாற்பது படங்களுக்கு மேல் பார்த்தார். படுத்திருப்பவருக்கு எடை கழுத்தை இழுப்பதில்லை, கன்னங்களில்தான் அழுந்துகிறது. கழற்றும்போது கண்ணைச் சுற்றிச் சிவந்த வளையம் இருக்கும். அதை ஈரத் துணியால் ஒற்றி எடுப்பேன். முப்பரிமாணப் படங்களை அவர் மிகவும் விரும்பினார். அதற்கு நியாயம் உண்டு. இரு கண்களுக்கும் தனித்தனித் திரை இருப்பதால் மங்கலும் இல்லை, இரட்டை நிழலும் இல்லை. டிவி நிறுவனங்கள் 2017 வாக்கில் முப்பரிமாணத்தைக் கைவிட்டுவிட்ட பிறகு, வீட்டில் அவற்றைப் பார்க்க இதைவிட நல்ல வழி வேறில்லை.

அந்த நாள்களிலேயே ஒன்றையும் கண்டேன். ஒரு மாலை அண்ணன் உரக்கச் சிரித்தார். கட்டிலருகே உட்கார்ந்திருந்த அம்மா, “என்னப்பா, எதற்குச் சிரிக்கிறே?” என்று கேட்டார், காதுகளையும் ஒலி அடைத்திருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. அம்மா சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவருடைய போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்து போனார். எடிசனின் கினிடோஸ்கோப் என்னும் பெட்டி 1894 ஏப்ரலில் நியூயார்க்கில் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டபோது, ஒரு துளையில் கண்ணை வைத்து ஒருவர் மட்டுமே படம் பார்க்க முடிந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 28 அன்று லூமியர் சகோதரர்கள் பாரிஸில் ஓர் அறைக்குள் பத்துக் குறும்படங்களைத் திரையிட்டுக் காட்டினார்கள். துளைப்பெட்டியின் படம் மோசமாக இருந்தது என்பதற்காக மக்கள் திரைக்குப் போகவில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவரும் அதே நொடியில் அதையே பார்க்கிறார் என்பதற்காகப் போனார்கள் என்பது என் உறுதியான எண்ணம். தனியாக வாழ்பவருக்கும், பயணத்தில் இருப்பவருக்கும், நோயில் கிடப்பவருக்கும் ஹெட்செட் ஒரு வரம். அதை அவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். வீட்டில் இன்னொருவர் விழித்திருக்கும்போது அதை மாட்டிக்கொண்டு முழுப் படம் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

எனவே எங்கள் வீட்டில் இப்போது சுவரில் 100 அங்குல டிவி இருக்கிறது. நான்கு முட்டி சரியாக வருவதற்காக சோஃபாவை 30 சென்டிமீட்டர் முன்னால் இழுத்திருக்கிறோம். புரொஜெக்டரை, நிலவறையில் சாளரமே இல்லாத ஓர் அறை வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். வெல்வெட் துணியையும் சேர்த்தே கொடுத்தேன். அவருடைய அறையில் அது எங்கள் வீட்டில் இருந்ததைவிட நன்றாக ஓடுகிறது, அவரை டிவிக்கு மாறச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

இழந்த ஒன்றை மட்டும் இன்னும் ஈடுசெய்ய முடியவில்லை. திரையரங்குத் திரையில் நுண்துளைகள் இருக்கும். நடிகரின் குரல் அவற்றின் வழியே அவருடைய வாயிலிருந்தே வரும். எங்கள் பழைய திரையும் ஒலி ஊடுருவும் நெய்த துணிதான். நடு ஸ்பீக்கர் அதன் பின்னால் நின்றது. கண்ணாடியின் வழியே ஒலி வராது. திரைப் பரப்பையே அதிரவைத்துக் குரலை எழுப்பும் ஓஎல்இடி டிவிகள் 2017 முதல் வருகின்றன, ஆனால் எங்களுடையது அந்த வகை அன்று. நடு ஸ்பீக்கரை டிவிக்குக் கீழே வைத்து முகத்தை மேல்நோக்கிச் சாய்த்திருக்கிறேன். நடிகரின் முகம் திரையை நிறைக்கும்போது மனம் அந்தக் குரலைத் தானாகவே உதடுகளுக்கு ஏற்றிக்கொள்கிறது, குறை தெரிவதில்லை. ஆனால் தொலைவில் இருவர் வரப்பில் நடந்துகொண்டே பேசும் காட்சியில், உதடுகள் தெரியாதபோது, அவர்களுடைய பேச்சு தரையிலிருந்து எழுகிறது. ஸ்பீக்கருக்குக் கீழே இரண்டு விரல் கனத்துக்கு ஒரு மரத்துண்டை வைத்துப் பார்த்தேன். குரல் கொஞ்சம் ஏறியது. இந்த வாரம் மூன்று விரல் கனத்தில் ஒன்று வெட்டிவைத்திருக்கிறேன்.